பெரிய கே, ஏழு, சன்னல் கம்பி

திண்டிவனத்தில் நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த நிலக்கடலை விதை நிறுவனத்தில் ஏழு கணினிகள் இருந்தன. ஏழையும் காலையில் திறந்துவைப்பவர் ஒரே ஆள், தலைமை எழுத்தர் அக்கா. எட்டரை மணிக்கே வந்து சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டி, அதே கையோடு ஒவ்வொரு கணினியையும் போட்டு, அந்தந்த ஆளின் கடவுச்சொல்லைத் தட்டித் தயாராக வைத்துவிடுவார். மற்றவர்கள் ஒன்பதரைக்கு வந்து டீயைக் குடித்தபடியே வேலையைத் தொடங்கலாம். எல்லோருடைய கடவுச்சொற்களும் நாள்காட்டி அட்டையின் பின்புறம் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. அதில் நான்கு பேருக்கு ஒரே கடவுச்சொல், மேலாளரின் பைக் எண். மேலாளருக்கே வேறு. அவர் பைக்கை மாற்றிவிட்டிருந்தார்.

நான் அங்கே தற்காலிகக் கணினிப் பொறுப்பாளர். சேர்ந்து ஆறு மாதம் ஆனபோது விழுப்புரம் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. கிளைகளில் உள்ள எல்லாக் கணினிகளுக்கும் புதிய பாதுகாப்பு விதிகளைப் போட வேண்டும். ஆயுதபூஜை விடுமுறை முடிந்ததும் ஓர் அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். சரியாக இருந்தால் என் வேலை நிரந்தரம். சரியாக இல்லாவிட்டால் என்ன என்று அதில் எழுதவில்லை. எழுதாமலே எனக்குப் புரிந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அதை யாரும் மறந்துவிடக் கூடாது என்று அப்போதெல்லாம் கொஞ்சம் கவனமாகவே இருப்பேன். ஒரே வாரத்தில் எல்லா விதிகளையும் ஏழு கணினிகளையும் இணைக்கும் சர்வரில் ஏற்றினேன். கடவுச்சொல்லில் எட்டு எழுத்துக்குக் குறையக் கூடாது. எண்ணும் குறியும் கலந்திருக்க வேண்டும். மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும். பத்து நிமிடம் தொடாமல் இருந்தால் திரை பூட்டிக்கொள்ளும். மூன்று முறை தப்பாக அடித்தால் அரை மணி நேரத்துக்கு உள்ளே போக முடியாது.

கிடங்கு சார் மதியத்துக்குள் இரண்டு முறை என் மேசைக்கு வந்து நிற்பார். "பாப்பா, மறுபடியும் கோச்சிக்கினுது" என்பார். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவர் போல அவர் முகம் இருக்கும்.

அக்காவுக்குத்தான் உண்மையான வருத்தம். காலையில் ஊதுபத்தியோடு இருண்ட திரைகளுக்கு முன்னால் நின்றார். "ஏம்மா, நம்மகிட்ட இருக்கறது எந்த ஊருக்கு எவ்ளோ மல்லாட்டை வெதை போச்சுன்ற சமாச்சாரம். இத எவன் திருடிக்கினு போவப்போறான்?" என்று கேட்டார். நான் சிறிய சொற்பொழிவே ஆற்றினேன். எழுதிவைக்கக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது, வீட்டு மனிதர்களிடம்கூட.

"நீ எங்கியும் எழுதி வெச்சிக்கலியா?"

"எனக்கு எதுக்குக்கா? எல்லாம் மண்டையில இருக்குது."

அக்கா நாள்காட்டியைக் கழற்றினார். ஆணி மட்டும் சுவரில் நின்றது.

விடுமுறைக்கு முந்தின நாள் என்னுடைய நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல்லையும் மாற்றினேன். எந்தப் பொருளும் இல்லாத, யாராலும் யூகிக்க முடியாத பத்து எழுத்துகள். சர்வரில் வழக்கமாக இருக்கும் இன்னொரு நிர்வாகிக் கணக்கையும் பாதுகாப்புக்காக முடக்கிவைத்தேன். இனி உள்ளே போக என்னை விட்டால் ஆளில்லை என்பது பஸ்ஸில் எங்கள் ஊரான கோலியனூர் வரைக்கும் இனித்தது.

வீட்டுக்கு வந்ததும் அதை வாய்விட்டுச் சொல்லி மனப்பாடம் செய்தேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அவள் வேலை பார்த்துக்கொண்டிருக்க, நான் பாடத்தைச் சொல்ல வேண்டும். நேற்று சொன்னதிலிருந்து ஒரு சொல் மாறினாலும் "நேத்து வேற மாரி சொன்ன" என்பாள். அன்றும் அம்மா மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு அத்தையும் கூட உட்கார்ந்திருந்தாள். "ஹேஷ்" என்று நான் சொன்னபோது அது எப்படி இருக்கும் என்று அம்மா கேட்டாள். விரலால் தரையில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டிரண்டு கோடு போட்டுக் காட்டினேன். "சன்னல் கம்பி" என்று அவளே அதற்குப் பெயர் வைத்தாள். இதையெல்லாம் யாரிடமோ சொல்வதாக எனக்குத் தோன்றவே இல்லை. இருவருக்கும் ஆங்கிலத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாது.

நான்கு நாள் விடுமுறையில் பொரியும் சுண்டலும் தின்று நன்றாகத் தூங்கினேன்.

திரும்பிப் போனபோது எல்லாக் கணினிகளின் நெற்றியிலும் சந்தனம் காய்ந்திருந்தது. அதிகாரி பத்து மணிக்கு வந்தார். அதிகம் பேசாதவர். சர்வருக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, விதிகளைக் காட்டும்படி சொன்னார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து கடவுச்சொல்லை அடித்தேன். தவறு என்றது. விரல் தடுமாறியிருக்கும் என்று மறுபடியும் அடித்தேன். தவறு.

இன்னும் ஒரே ஒரு முறைதான். அதுவும் தப்பினால் என் சர்வர் என் விதிப்படி என்னையே அரை மணி நேரம் வெளியே நிறுத்தும். அரை மணி கழித்து மட்டும் எனக்கு எங்கிருந்து நினைவு வரும்? அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா அந்தக் காலி ஆணியை ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான்.

வேறு வழியில்லாமல் அம்மாவுக்குப் போன் செய்தேன். போனில் பேசினால் குரல் கோலியனூரிலிருந்து திண்டிவனம் வரை போய்ச் சேர வேண்டும் என்பது அம்மாவின் எண்ணம். அதனால் அந்த அறை முழுவதும் கேட்டது.

"இன்னாடி, சாப்டியா?"

"அம்மா, அன்னிக்கு ஒண்ணு சொல்லிக்கினு இருந்தேனே, பெரிய கேன்னு. அதச் சொல்லு."

"பெரிய கே, ஏழு, சன்னல் கம்பி, சின்ன வி, சின்ன எம், பெரிய பி, ரெண்டு, ஒம்போது, ஸ்டாரு, சின்ன டி."

நான் இவ்வளவு நேரமும் ஒன்பதை முன்னால் போட்டிருந்தேன். "ஒம்போது, ரெண்டு இல்லியா?" என்று கேட்டேன்.

அம்மா பதில் சொல்வதற்குள் எதிர்வீட்டு அத்தையின் குரல் குறுக்கே வந்தது. "ரெண்டுதான் மொதல்ல. எங்கூட்டு மருமவகூட அப்டித்தான் சொல்றா."

ரெண்டை முதலில் அடித்தேன். திறந்தது.

கிடங்கு சார் இருமுவது போலக் காட்டிக்கொண்டு வெளியே போனார். அதிகாரி ஒவ்வொரு விதியாக நிதானமாகப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. எழுந்திருக்கும்போது கேட்டார்: "உங்க தெருவுல எத்தன வூடும்மா இருக்கும்?"

"இருவது இருக்கும் சார்."

"அப்ப இத இப்பவே மாத்திடுங்க."

நான் புதிய கடவுச்சொல்லை அடித்து முடிக்கும் வரை அதிகாரி உட்பட எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். முடக்கிவைத்த கணக்கையும் திறந்து, அதன் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, மேலாளரின் பீரோவில் வைக்கச் சொன்னார். எழுதிவைப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. உறையை ஒட்டுவதற்குப் பசையை எடுத்துக் கொடுத்தவர் அக்கா. கொடுக்கும்போது ரொம்ப மரியாதையாக "இந்தாங்க மேடம்" என்றார்.

அன்று மாலை அம்மா மல்லாட்டைக் கூடையோடு உட்கார்ந்து, "புதுசு இன்னாது, சொல்லு" என்றாள். சொல்ல மாட்டேன் என்றேன். முதல் வகுப்பிலிருந்து நான் அவளிடம் சொல்லாத பாடம் அது ஒன்றுதான். "நான் யார்கிட்ட போயி சொல்லப்போறேன்?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மூன்று வாரம் கழித்து நிரந்தர உத்தரவு வந்தது. அம்மா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, முழுவதையும் படிக்கச் சொன்னாள். பத்தி பத்தியாகத் தமிழில் சொன்னேன். ஐந்தாவது பத்தியை மட்டும் இரண்டு தடவை அழுத்திச் சொன்னேன்: பணியாளர் அலுவலக இரகசியங்களைக் குடும்பத்தார் உட்பட எவரிடமும் வெளியிடக் கூடாது. அம்மா கவனமாகக் கேட்டாள்.

மறுநாள் மாலை பஸ்ஸை விட்டு இறங்கி வந்தேன். தெருக் குழாயடியில் பத்துப் பதினைந்து குடங்கள் வரிசையில் நின்றன. அம்மா நடுவில் நின்று எல்லோருக்கும் என் உத்தரவைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கிட்டே போனபோது ஐந்தாவது பத்தி நடந்துகொண்டிருந்தது. ஒரு சொல்கூடப் பிசகவில்லை.