கண்மருந்தில் நான் தேடிய கோடு

நான் மதுவைத் தொட்டவன் அல்லன். சிராங்கூன் சாலைப் பக்கம் என்னை அறிந்த எவரும் இதற்குச் சாட்சி சொல்வர். ஆயினும் சென்ற ஆண்டு என் கண்களே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லத் தொடங்கின. போதிய கண்ணீர் சுரக்காத நோய். விடிந்தால் இரு விழிகளும் செக்கச்செவேலென்றிருக்கும். ஒரு பக்கம் படிப்பதற்குள் எழுத்துகள் மங்கிவிடும்.

ஜாலான் புசார் காப்பிக் கடையில் என் பழைய நண்பர், நாலு பேர் காதில் விழும்படி கேட்டார்: "என்னங்க, காலையிலேயே ஏத்திட்டீங்களா?"

காப்பியைப் பாதியில் விட்டு எழுந்துவிட்டேன். அவருடைய பேத்தியின் திருமணத்தில் வாழ்த்துமடல் வாசிக்க நான் ஒப்புக்கொண்டிருந்தேன். எங்கள் வட்டாரத் திருமணங்களில் நெடுங்காலமாக அதை வாசிப்பவன் நானே. திருமணத்துக்கு இன்னும் ஐந்து மாதங்கள் இருந்தன. கறுப்புக் கண்ணாடி ஒன்று வாங்கி வந்தேன்.

"மேடையில இதப் போட்டுக்கிட்டு நிக்கப் போறீங்களா? ஓட்டுக் கேக்க வந்தவர்னு நினைச்சுக்குவாங்க" என்றாள் மனைவி.

கண் மருத்துவமனையில் தந்த மருந்து, வேளைக்கு ஒன்றாகச் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் குப்பிகளில் இருந்தது. பாலைப் போன்ற வெண்மை. எண்ணெயும் நீரும் சேர்ந்த கலவை என்று உள்ளிருந்த தாள் சொன்னது. நான் வேதியியல் பட்டதாரி. ஜூரோங்கில் ஒரு பெயிண்ட் தொழிற்சாலையில் தரம் பார்த்தவன். அங்கே மாதிரியைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி அலமாரியில் அசையாமல் நிறுத்துவோம். மேலே கோடு விழுந்தால் கலவை பிரிந்துவிட்டது என்று பொருள்; நிராகரித்துக் கையெழுத்திடுவேன். அதே முறைப்படி இரு குப்பிகளை மேசைமேல் நிறுத்தினேன். மூன்று வாரம், காலைதோறும் உருப்பெருக்கியால் நோக்கினேன். கோடு விழவில்லை. கண்ணிலும் ஒரு சொட்டு விழவில்லை.

மறுமுறை சென்றபோது மருத்துவமனை மருந்தகத்தில் இருந்த பெண்ணிடம், எண்ணெயும் நீரும் பிரியாமல் எப்படி நிற்கும் என்ற என் ஐயத்தைச் சற்று உரத்த குரலிலேயே எடுத்துரைத்தேன். அவர் என் மகள் வயதினர்.

"மூணு வாரமா போடவே இல்லையா, அங்கிள்? டெஸ்ட் பண்ணிட்டு இருந்தீங்களா?" சிரிப்பை அடக்கிக்கொண்டார். "இந்த மருந்து தண்ணியில கரையாது, எண்ணெயிலதான் கரையும். எண்ணெய அப்படியே கண்ணுல ஊத்தினா பார்வை மறைச்சிடும். அதான் கண்ணுக்கே தெரியாத துளியா உடைச்சு, ஒண்ணோட ஒண்ணு சேராம தடுத்து வச்சிருக்காங்க. அவ்வளவு சின்னது சுலபமா மேல வந்து மிதக்காது."

"பிரியவே பிரியாதா?"

"பிரியறதுக்குள்ள எக்ஸ்பைரி டேட் வந்துடும் லா. முதல்ல எரியும், விட்டுடாதீங்க. பலன் தெரிய ரெண்டு மூணு மாசம் ஆகும்."

வரிசையில் எனக்குப் பின்னால் எத்தனையோ பேர் காத்திருந்தனர். என்னை அவசரப்படுத்தாமல் அவர் பேசியதை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். அன்று நான் நன்றி சொல்லவில்லை; தலையை மட்டும் அசைத்தேன்.

எரிந்தது. விடவில்லை. மூன்றாம் மாதத்தில் ஒரு காலை, நாளிதழைத் தலையங்கம்வரை நிறுத்தாமல் படித்து முடித்தேன்.

திருமணத்தன்று வெறுங்கண்ணோடு மேடையேறினேன். மணமகளின் மறைந்த தந்தையைக் குறித்த வரி வந்தபோது என் கண்கள் நிறைந்தன. அந்தக் கண்ணீர் என்னுடையது. அதை நான் துடைக்கவில்லை. எழுத்துகள் தெளிவாகவே இருந்தன. இறங்கி வந்தபோது முதல் வரிசையில் நண்பர் சிவந்த கண்களோடு அமர்ந்திருந்தார். மகனை இழந்தவர்.

அருகில் அமர்ந்து மெதுவாகக் கேட்டேன்: "என்னங்க, காலையிலேயே ஏத்திட்டீங்களா?"

அழுதுகொண்டே சிரித்தார். என் கையை விடவில்லை.

அந்த இரு குப்பிகள் இன்னும் என் மேசையில் நிற்கின்றன. அவற்றின் காலக்கெடு சென்ற மாதம் முடிந்தது, கோடு விழவில்லை. ஒரு சீட்டில் 'ஏற்கப்பட்டது' என்று எழுதி முறைப்படி கையெழுத்திட்டு, மருந்தகத்துக்கு எடுத்துச் சென்று அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். கூடவே, சொல்ல வேண்டியிருந்த நன்றியையும் சொன்னேன்.