தேயாத ஊன்றுகோல்

உளுந்துச் செடி மேல் பஸ் ஏறலாம், லாரி ஏறலாம், டிராக்டர் ஏறலாம். ஏறட்டும் என்றுதான் எங்கள் பக்கத்தில் செடியைப் பிடுங்கிக் கொண்டுவந்து தார் ரோட்டில் பரப்புகிறார்கள். போகிற வருகிற வண்டியெல்லாம் மிதித்துக் கொடுக்கும். சாயங்காலம் சக்கையை உதறித் தள்ளிவிட்டு உளுந்தைக் கூட்டி அள்ளிக்கொள்ளலாம். ஆனால் பந்தய சைக்கிளின் டயர் கட்டைவிரல் அகலம்தான். அது ஏறக்கூடாது. இந்த மண்ணில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும்.

சைக்கிள் ஓட்டுவதுதான் என் தொழில். "அதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்காத ஆள் ஊரில் இல்லை. வேலைதான். அதற்காகத்தான் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் எனக்கு உத்தியோகம் கொடுத்திருக்கிறார்கள். லீவில் ஊருக்கு வந்தாலும் தினமும் எண்பது கிலோமீட்டராவது ஓட்டியாக வேண்டும். ஆவுடையார்கோவிலுக்குக் கிழக்கே இருக்கிறது எங்கள் ஊர். அன்று காலை அம்மாவிடம் மேற்கே திருமயம் பக்கம் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மெயின் ரோட்டுக்கு வந்ததும் மனசு மாறிவிட்டது. மணமேல்குடி வரை போனால் திரும்பி வரும்போது கடல்காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். அந்த சுகத்துக்கு ஆசைப்பட்டு ஹேண்டில்பாரைக் கிழக்கே திருப்பினேன். போனைக் கையில் எடுத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

நான் மேற்கே போயிருக்கிறேன் என்ற நம்பிக்கையில், எங்கள் வயல் உளுந்தை அம்மா கிழக்கு ரோட்டில் பரப்பினாள். எனக்கு இடைஞ்சல் வேண்டாம் என்றுதான் அந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள்.

பத்தரை மணி இருக்கும். காற்று தள்ள, நல்ல வேகத்தில் வளைவைத் திரும்பினேன். ரோடு முழுக்கச் செடி. பிரேக் பிடித்தால் வழுக்கும், பிடிக்காவிட்டால் சுற்றிக்கொள்ளும். பிடிக்கவில்லை. செடி கொத்தாக முன்சக்கரத்தில் சுற்றி அடைத்தது. சைக்கிள் நின்றுவிட்டது. நான் நிற்காமல் பறந்துபோய்ப் பாலத்துக் கட்டைச் சுவரில் மோதினேன். புளியமரத்து நிழலில் உட்கார்ந்திருந்த அம்மா, செடி புரட்டுகிற கம்போடு ஓடி வந்தாள். யாரோ விழுந்துவிட்டார்கள் என்று நினைத்துத்தான் ஓடி வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகுதான் அது நான் என்று தெரிந்தது. அவள் அப்போது போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

வலது தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. காறை எலும்பு ஓர் இடத்தில். இடுப்பு எலும்பில் கீறல். தொடைக்குள் நீளமாக ஒரு கம்பியை விட்டு, மேலேயும் கீழேயும் திருகாணி போட்டார்கள். மூன்றாம் நாள் டாக்டரிடம் எப்போது ஓட்டலாம் என்று கேட்டேன். அவர் எக்ஸ்ரேயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி எக்ஸ்ரேயைப் பார்த்தார்.

"நடப்பீங்கம்மா. அதுக்கு நான் கேரண்டி. ரேஸப் பத்தி இப்ப பேசவேணாம். எலும்பு கூடும். தசை பழைய பலத்துக்கு வருமாங்கறது உங்க கையிலதான் இருக்கு."

"கையில இல்ல சார், கால்ல இருக்கு" என்றேன். நர்ஸ் சிரித்துவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஆளாளுக்கு ஹார்லிக்ஸ் பாட்டிலோடும் ஆளுக்கொரு தீர்ப்போடும் வந்தார்கள். பொம்பளப் பிள்ளைக்கு எதற்கு இந்த வீம்பு என்றார்கள். கால் போனாலும் உயிர் பிழைத்ததே என்றார்கள். என் கால் போகவில்லை, அங்கேயேதான் இருந்தது, கண் முன்னால் தலையணை மேல் நீட்டி வைத்திருந்தேன். அதைப் பார்த்துக்கொண்டே கால் போய்விட்டது என்று பேச எப்படித்தான் மனசு வருகிறதோ! பெரியம்மா ஒருத்தி எனக்குக் கேட்காது என்று நினைத்து அம்மாவிடம் கிசுகிசுத்தாள். "இத வெளிய சொல்லாத. நொண்டின்னு தெரிஞ்சா எவன் கட்டுவான்?"

"பெரியம்மா, என்னைக் கட்டிக்கிறவன் சைக்கிள்ல என் பின்னாலயே வரணும். அதுக்குத் தெம்பு இருக்கான்னு மொதல்ல அவன விசாரிங்க" என்று கட்டிலில் இருந்தே கத்தினேன். பெரியம்மா காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அம்மா என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்கு விசித்திரமாக இருந்தது. அவள் அந்த நாட்களில் யாரிடமும் எதையும் பேசவில்லை.

நான் விழுந்தபோது ஓட்டியது பயிற்சிக்கு வைத்திருந்த சைக்கிள். அது அப்பளமாகிவிட்டது. பந்தய சைக்கிள் பத்திரமாக உள்ளறையில் சுவரோரம் நின்றது. ஒரு மாதம் கழித்து வாக்கரைப் பிடித்துத் தத்தித் தத்தி அந்த அறை வரைக்கும் போனேன். அதன் ஹேண்டில்பாரில் காசு முடிந்த மஞ்சள் துணி கட்டியிருந்தது.

"என்னம்மா இது?"

அம்மா வாசற்படியிலேயே நின்றாள். "ஒன்னய உள்ள கொண்டுபோனப்ப ஆசுபத்திரி வாசல்ல நின்னு ஐயனாருக்கு வேண்டிக்கிட்டேன். எம்புள்ள எந்திரிச்சு நடந்துட்டா இந்த வண்டிய ஒனக்கே விட்டுர்றேன்னு."

"என் சைக்கிளையா?"

"ஒன் உசுரக் கேட்டேன். அதுக்கு ஈடா வேற என்னத்தக் குடுக்கட்டும்? ஒன்ட்ட அத விடப் பெருசா என்ன இருக்கு?"

எனக்கு வந்த கோபத்தில் வாக்கரைத் தூக்கி எறிந்திருப்பேன், எறிந்தால் நானும் சேர்ந்து விழுந்திருப்பேன். எங்கள் ஊர்க்காரர்கள் ஐயனாருக்குக் கிடா விடுவார்கள், சேவல் விடுவார்கள், மண்குதிரை செய்து வைப்பார்கள். கார்பன் ஃப்ரேம் சைக்கிளை விட்டவள் இந்த மாவட்டத்திலேயே என் அம்மா ஒருத்திதான்.

அதுவும் யார்? கல்யாணத்துக்கு முன்னால், எங்கள் மாவட்டத்துப் பெண்களெல்லாம் கூட்டம் கூட்டமாக சைக்கிள் கற்றுக்கொண்ட காலத்தில், ஆம்பளை சைக்கிளில் பாவாடையைச் செருகிக்கொண்டு ஓட்டிப் பழகியவள். ஊர் வாய்க்கு வந்தபடி பேசியதாம். இவள் பெல் அடித்துக்கொண்டே அவர்கள் வீட்டைத் தாண்டிப் போவாளாம். நான் ஐந்து வயதில் விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டபோது, தன் முழங்கால் தழும்பைக் காட்டி, "எனக்கும்தான் இருக்கு, ஏறு" என்றவள். அந்த வாயால் இப்படி ஒரு வேண்டுதல்!

நான் பாட்டுக்கு எடுத்து ஓட்டியிருக்கலாம். ஐயனார் வந்து அதற்குப் பூட்டா போடப் போகிறார்? ஆனால் எனக்கு அம்மாவைத் தெரியும். சாமிக்கு விட்டதை நான் தொட்டு, நாளைக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், அவள் அந்த நிமிடமே உட்கார்ந்த இடத்தில் போய்விடுவாள். உளுந்து ஒரு முறை அவளைப் பாதி கொன்றிருந்தது. மீதியை நான் கொல்ல முடியாது.

ஆனால் சைக்கிளைக் கொடுக்கவும் முடியாது. மழைக்காலம் முடிந்ததும் தேசிய அணிக்குத் தேர்வு. அதில் தேறினால்தான் இன்னும் சில வருஷம் பந்தயத்தில் ஓட்டலாம். தேறாவிட்டால் ஆபீஸில் ஒரு நாற்காலியைக் காட்டி உட்கார் என்பார்கள், ரிட்டயர் ஆகும்வரை உட்கார்ந்திருக்கலாம்.

அப்போதுதான் அந்தத் திருட்டுத்தனம் உதித்தது. வேண்டுதல் என்ன? எழுந்து நடந்துவிட்டால். சரி. நடக்காமலே இருந்துவிட்டால்?

பிசியோதெரபிஸ்ட் வாரம் இரண்டு முறை அறந்தாங்கியிலிருந்து வருவார். அவர் கற்றுக்கொடுத்ததைப் பத்து என்றால் முப்பது தடவை செய்தேன். தொடையில் மணல் மூட்டை கட்டித் தூக்கினேன். வலி உயிர் போகும். "போறதுன்னா போ, நான் வரல" என்று காலைத் திட்டிக்கொண்டே தூக்குவேன். வாக்கர் போய் ஊன்றுகோல் வந்தது. ஒரு மாதம் அதை நிஜமாகவே ஊன்றி நடந்தேன், அப்புறம்தான் திருட்டு ஆரம்பம். அம்மா காலையில் வயலுக்குப் போய் மதியம்தான் வருவாள். அவள் தலை தெருமுனையில் மறைந்ததும் ஊன்றுகோலைக் கதவோரம் சாத்திவிட்டுக் கொல்லைப்பக்கமாகக் கண்மாய்க்கரைக்குப் போய்விடுவேன். முதல் நாள் இருபது அடி. அப்புறம் கருவேலமரம் வரை. அப்புறம் மடை வரை. ஒரு நாள் மடையைத் தாண்டி, உபரித் தண்ணீர் வழிகிற கலுங்கு வரைக்கும் போய்த் திரும்பி வந்து, கரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன். அன்று மதியம் அம்மா வந்தபோது ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்துச் சாப்பிட வந்தேன்.

"இன்னும் வலிக்குதாத்தா?" என்றாள். பிரியம் வந்தால் என்னை ஆத்தா என்பாள்.

"ஆமா" என்றேன்.

அப்படியே இரண்டு மாதம் ஓட்டினேன். பிசியோவையும் கூட்டு சேர்த்துக்கொண்டேன். "எனக்கு எதுக்குங்க இந்தப் பொல்லாப்பு" என்று புலம்பிக்கொண்டே அந்த மனுஷன் வாயை மூடிக்கொண்டிருந்தார். தினமும் என் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைப்பாள் அம்மா. அதைப் பார்த்தும் நான் வாய் திறக்கவில்லை. அவ்வளவு கல்நெஞ்சு எனக்கு.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அம்மா சுவரில் சாத்தியிருந்த ஊன்றுகோலை எடுத்துத் தலைகீழாகத் திருப்பி, அடியில் இருந்த ரப்பரைத் தடவிப் பார்த்தாள்.

"மொத ரப்பரு ஒரே மாசத்துல மொழுக்குனு தேஞ்சுபோச்சு. இது மாட்டி ரெண்டு மாசமாச்சு. கோடு கூட அழியல."

நான் தட்டிலிருந்து கையை எடுத்தேன்.

"எம்புட்டு தூரம் நடக்குற?"

"கலுங்கு வரைக்கும்."

"கம்பு இல்லாமயா?"

"இல்லாமத்தான்."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஒன் காலு தரையில பதியுறதக் கண்ணால பாக்கணும்னுதானடி அந்த சாமிட்ட கெஞ்சுனேன். ஊருல ஆடு மாடு மேய்க்கிறவன்லாம் பாத்திருக்கான். எனக்கு மட்டும் காட்டலியே நீ."

கையைக் கழுவிவிட்டு வந்தேன். வீட்டின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை, எதையும் பிடிக்காமல், நேராக நடந்து காட்டினேன். திரும்பியும் நடந்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, பாதத்தை மட்டும்தான் பார்த்தாள். நான் போதும் என்று நின்றபோது, "இன்னொரு வாட்டி" என்றாள்.

அப்புறம் நானே சொன்னேன். "இந்தா பாரும்மா, மறைச்சது தப்பு. மன்னிச்சுக்க. ஆனா சைக்கிளத் தர மாட்டேன். எலும்புதான் ஒடைஞ்சுச்சு, நான் ஒடையல."

"சாமிக்கு விட்டது."

"நீ விட்ட. நான் விடல."

மடியில் இருந்த ஊன்றுகோலைச் சுவரில் சாத்தினாள். "பூக் கேப்போம்" என்றாள் கடைசியில். எங்கள் பக்கத்தில் முடிவுக்கு வராத காரியத்தை இப்படித்தான் சாமி காலடியில் வைப்போம். வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிப் போடுவார்கள். பூசாரி ஒன்றை எடுத்துக் கொடுப்பார். வெள்ளை வந்தால் சைக்கிள் எனக்கு, ஐயனாருக்கு மண்குதிரை. சிவப்பு வந்தால் சைக்கிள் அவருக்கு.

"செவப்பு வந்தாலும் ஏறுவேன். இப்பவே சொல்லிட்டேன்" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் போனோம். ஐயனார் கோயில் கண்மாய்க்கரையிலேயே இருக்கிறது. நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு, ஊன்றுகோல் இல்லாமல், ஊர் நடுவால் நடந்தேன். பெரியம்மா வாசலில் நின்று பார்த்தாள். பெல் இருந்திருந்தால் அடித்திருப்பேன், பந்தய சைக்கிளில் பெல் இல்லை. அம்மா வீட்டிலேயே வாழை இலையில் பூவைச் சுற்றி நூல் கட்டி எடுத்து வந்திருந்தாள். இரண்டு பொட்டலம், ஒரே அளவு. பூசாரி வாங்கி ஐயனார் காலடியில் போட்டு, சூடம் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார்.

ஏறுவேன் என்று அவ்வளவு வீறாப்பாகச் சொன்னவள்தான் நான். அந்த நூலை அவர் பிரித்தபோது சைக்கிளை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

நந்தியாவட்டை. வெள்ளை வெளேர் என்று இருந்தது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பூசாரி மஞ்சள் துணியை அவிழ்த்துக் காசை உண்டியலில் போட்டார். திருநீறு எடுத்து வர அவர் உள்ளே போன சமயத்தில், எனக்கு என்ன தோன்றியதோ, காலடியில் கிடந்த இன்னொரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தேன்.

அதிலும் நந்தியாவட்டை.

அம்மாவைப் பார்த்தேன். வருஷத்துக்கு ஒரு முறை தீ மிதிக்கிறவள், அமாவாசை தவறாமல் விரதம் இருக்கிறவள், ஐயனார் பேரைச் சொன்னால் செருப்பைக் கழற்றி நிற்கிறவள். அவள் என் கையிலிருந்து அந்தப் பூவைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"கேட்டா அவரு எங்கிட்ட கேக்கட்டும், நான் பதில் சொல்லிக்கிறேன். நீ ஏறு."