மணிக்கட்டில் ஓர் அழுத்தல்

ஹார்லெமில் வாரமெல்லாம் சலவைக்கடையில் இஸ்திரி போடும் ஒடெஸ்ஸா, ஞாயிறு மதியம் நடனக்கூடத்தில் பறப்பாள். ஜோடி ரூஃபஸ் அவளைத் தன் தலைக்கு மேலே வீசுவான். வீசுமுன் அவள் மணிக்கட்டைக் கட்டைவிரலால் அழுத்துவான். பாண்டுக்காரர்கள் கூரையைப் பிய்க்கிற கூடத்தில் வாயால் சொன்னால் யார் காதில் விழும்? அந்த அழுத்தல் இல்லாமல் அவள் கால் தரையை விடாது.

யுத்தத்துக்குப் போன ரூஃபஸ் கப்பலோடு கடலில் மூழ்கினான். ஒரு வருஷம் முடங்கிக் கிடந்தவள், லானி என்பவனோடு மறுபடி ஆட இறங்கினாள்.

ஆட்டம் சூடுபிடித்தது. மணிக்கட்டில் அழுத்தல். பழக்கதோஷம், எம்பிவிட்டாள். லானியின் தலையைத் தாண்டிப் பறந்து பூப்போல இறங்கினாள். கூடம் கைதட்டலில் அதிர்ந்தது.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? நல்லாத்தானே தூக்குன!"

"ஏய், நான் எங்க தூக்குனேன்? உன் கையையே நான் இன்னும் பிடிக்கலையே!"

மணிக்கட்டு நனைந்திருந்தது. "வேர்வைதான்" என்றாள். வேர்வை இப்படிச் சில்லென்றா இருக்கும்?

அதன்பின் பல வருஷம் ஆடினாள், ஒருநாளும் விழவில்லை. முட்டி தேய்ந்ததும் ஆட்டத்தை விட்டாள். ரூஃபஸ் விடவில்லை. இஸ்திரி போடும்போது மணிக்கட்டு சில்லிட்டால், இரண்டு கையாலும் மேஜையை இறுகப் பிடித்துக்கொள்கிறாள்.