வரப்பின் மேல் நின்றவர்

உப்பளத்தில் இடி இடித்தால் காதைவிட உள்ளங்காலில்தான் அதிகம் கேட்கும். சேற்றில் புதைந்த காலின் வழியே ஒரு நடுக்கம் ஏறி முழங்காலில் வந்து நிற்கும். மரக்காணத்துக் கோடை விடுமுறை என்றதும் எனக்கு இன்றும் அந்த நடுக்கம்தான் முதலில் ஞாபகம் வருகிறது. வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால், உப்பு வாரப் போகும்போது அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். அங்கே ஒதுங்க ஒரு மரம் கிடையாது. கண்ணுக்கெட்டிய வரை பாத்தியும் வரப்பும்தான்.

எங்கள் மேஸ்திரியை எல்லோரும் ‘மிலிட்டரி’ என்போம். பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்று வந்தவர். காலையில் வேலைக்கு வரும் பெண்களை வரிசையில் நிறுத்தி ‘ஃபாலின்’ என்று அதட்டுவார். அவர்கள் முந்தானைக்குள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது, அந்த மீசையைப் பார்த்தாலே அம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்வேன். டீ குடிக்கும் நேரத்தில் அவருடைய பழைய கேப்டனைப் பற்றிச் சொல்வார். மலையில் குண்டு விழும்போது பயந்துபோய் ஒரே குழிக்குள் பதுங்கிய சிப்பாய்களை அந்த கேப்டன் உதைத்து உதைத்துப் பிரித்துவிட்டாராம். “பயம் வந்தா மனுசன் மனுசனத் தேடுவான், குண்டும் அங்கதான் வந்து வுழும்னு எங்க சாப் சொல்லுவாரு” என்பார். மிலிட்டரி கதை விடுகிறார் என்று பெண்கள் டீ டம்ளரைக் கழுவப் போய்விடுவார்கள்.

ஒருநாள் உச்சி வெயிலில் மேற்கே திடீரென்று இருட்டிக்கொண்டு வந்தது. வானம் கறுத்தால் உப்பளத்து ஆட்கள் முதலில் ஓடுவது வீட்டுக்கு அல்ல, உப்புக் குவியலுக்கு. மழையில் குவியல் கரைந்தால் பட்ட பாடெல்லாம் தண்ணீர்தான். எல்லோரும் ஓடிப்போய் ஓலை போட்டு மூடிக்கொண்டிருந்தபோது, உப்பங்கழியின் அக்கரையில் நின்ற பனைமரத்தில் மின்னல் இறங்கியது. மரம் நின்றபடியே எரிந்தது. ஓலையை அப்படியே போட்டுவிட்டு அத்தனை பேரும் தண்ணீர் இறைக்கும் மோட்டார் கொட்டகைக்கு ஓடினோம். ஒருவரை ஒருவர் இறுகக் கட்டிக்கொண்டு நின்றோம். நான் அம்மாவின் இடுப்பில் முகத்தைப் புதைத்திருந்தேன்.

மிலிட்டரி வந்து எல்லோரையும் வெளியே விரட்டினார். ஆளுக்கொரு பாத்தியில் தள்ளித் தள்ளிக் குத்துக்காலிட்டு உட்காரச் சொன்னார். அவர் போட்ட சத்தத்தில் எல்லோரும் போனார்கள். அம்மா மட்டும் போகவில்லை, புள்ளைய எங்கூட வெச்சிக்கிறேங்க என்று கெஞ்சினாள்.

“ஒண்ணா உக்காந்தா ரெண்டு பேரும் போவீங்க. தனியா உக்காந்தா ஒருத்தர்தான். கைய வுடும்மா.”

அம்மா விட்டாள். அதைத்தான் என்னால் வெகுகாலம் பொறுக்க முடியவில்லை. அவளுடைய சேலையைப் பிடித்திருந்த என் விரல்களை அவளே ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். ஒருத்தர்தான் என்றாரே, அந்த ஒருத்தர் நானா அம்மாவா என்று எனக்குத் தெரியவில்லை. காதைப் பொத்திக்கொண்டு அழுதேன். மழைத்தாரையில் அம்மா இருந்த பாத்தி மறைந்துவிட்டது. தலையைத் தூக்கியவர்களை எல்லாம் மிலிட்டரி பேர் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தார். வரப்பின் மேல் அவருடைய கால்கள் மட்டும் தெரிந்தன. அந்தக் காக்கிக் கால்சட்டை வெடவெடவென்று ஆடியது.

அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மோட்டார் கொட்டகைக்கும் ஒரு கீறல்கூட இல்லை. உப்பு பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. அம்மா அழுது முடித்ததும் அவரைப் பிடித்துக்கொண்டாள். “எங்கள எல்லாம் சேத்துல குந்த வெச்சிட்டு நீங்க மட்டும் ராஜா மாதிரி நின்னீங்களே, இது நல்லாக்குதா?” மிலிட்டரி ஈரமாகிப்போன பீடிக்கட்டைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பின் வேலை விஷயம் தவிர அவரோடு ஒரு பேச்சும் கிடையாது என்று அம்மா கடைசிவரை இருந்துவிட்டாள்.

அவர் காலமாகிப் பல வருடமாகிறது. கொட்டகை இருந்த இடத்தில் செங்கல்கூட இல்லை. இடி எச்சரிக்கை இப்போது போனில் வருகிறது. என் அலுவலகத்தில் மேலாளர்களுக்குப் பயிற்சி என்று கூட்டி, தளபதிகளின் பொன்மொழிகளைத் திரையில் போட்டுக் காட்டுகிறார்கள். குளிர்சாதன அறையில் உட்கார்ந்துகொண்டு நானும் எல்லோரோடும் சேர்ந்து கைதட்டியிருக்கிறேன்.

போன கோடையில், பாண்டிச்சேரியிலிருந்து திரும்பும் வழியில், படம் எடுக்க வேண்டும் என்று என் மகள் கேட்டதால் காரைச் சாலையில் நிறுத்திவிட்டு உப்பளத்துக்குள் வெகுதூரம் நடந்துவிட்டோம். முதல் இடி உள்ளங்காலில் ஏறியது. காருக்கு ஓட நேரமில்லை. அவள் என் கையைப் பிடித்தாள். நான் உதறினேன். அந்தப் பாத்திக்குப் போ, தனியாக உட்கார், எழுந்திருக்காதே என்று, எனக்கே அடையாளம் தெரியாத ஒரு குரலில் கத்தினேன். அவள் அழுதுகொண்டே போய் உட்கார்ந்தாள்.

“அம்மா, நீயும் உக்காரும்மா.”

அப்போதுதான் நான் வரப்பின் மேல் நின்றுகொண்டிருப்பதைக் கவனித்தேன். என் முழங்கால்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. உட்கார வேண்டும் என்று உடம்பெல்லாம் கெஞ்சியது. கொட்டும் மழையில் நானும் உட்கார்ந்து அவள் கண்ணுக்கு மறைந்தால், அந்த நிமிடமே எழுந்து என்னிடம் ஓடி வருவாள் என்று தெரிந்தது. அதனால் நின்றேன்.

மழை கடலுக்குப் போனது. சென்னை வந்து சேரும்வரை அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.