“பொடியன் என்ன வேலை?”: ஒரு மருத்துவப் படிவத்தோடு நெடுந்தீவுக்கு

நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் பொதுவாகக் குதிரை பார்க்கவும் கோட்டை பார்க்கவும் போவார்கள். நான் போன மாசி மாதம் ஒரு சனிக்கிழமை, என் அக்காவிடம் உண்மை வாங்கப் போனேன். பையில் தண்ணீர்ப் போத்தல், தொப்பி, பிளாஸ்டிக் உறைக்குள் பதினொரு பக்கப் படிவம் ஒன்று.

எனக்கு முப்பத்தேழு வயது. கொழும்பில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறேன். இது மூன்றாவது வேலை. முதல் இரண்டும் என் வாயாலும் காதாலும் போயின. மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடுவேன். நாலு பேர் ஒரே நேரத்தில் கதைத்தால் எழும்பிப் போய்விடுவேன். “திமிர் பிடிச்சவள்” என்று பள்ளிக்கூடத்திலிருந்தே பெயர். அது திமிர்தானா, வேறு ஏதுமா என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. ஆறு மாதம் யோசித்து ஒரு மனநல மருத்துவரிடம் போனேன். இரண்டு சந்திப்புக்குப் பிறகு, ஆட்டிசமாக இருக்கலாம் என்றார். ஆனால் உறுதி சொல்ல, ஐந்தாறு வயதில் என்னைப் பார்த்து வளர்த்த ஒருவரின் வாய்மொழி தேவை என்றார். அம்மாவும் அப்பாவும் இல்லை. என்னைவிடப் பதினான்கு வயது மூத்த யோகாக்காதான் என்னை வளர்த்தவர். அவருடைய இலக்கத்தைக் கொடுத்தேன்.

அங்கேதான் பிசகியது. மருத்துவரின் உதவியாளர் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்து, “உங்கட தங்கச்சி சின்னனிலை எப்பிடி? ஆக்களோடை எப்பிடிப் பழகுவா?” என்று கேட்டிருக்கிறார். எங்கள் ஊரில் முன்பின் தெரியாத ஒரு குரல் இப்படி விசாரித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மாப்பிள்ளை வீட்டார்! அக்கா விட்டுவிடுவாரா? அடுத்த சந்திப்பில் மருத்துவர் குறிப்பைச் சிரிக்காமல் வாசித்தார்: “தங்கமான பிள்ளை. ஒருத்தருக்கும் ஒரு கரைச்சலும் குடுக்காது. சமையல் நல்லாத் தெரியும்.” பிறகு, “கடைசியிலை, ‘பொடியன் என்ன வேலை?’ எண்டும் கேட்டவவாம்,” என்று சொல்லிச் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். ஆனால் அந்த வாய்மொழியை எழுத வேண்டிய பதினொரு பக்கப் படிவம் வெறுமையாகவே இருந்தது. அது நிரம்பாவிட்டால் பதில் இல்லை. அக்காவுக்குத் தொலைபேசியில் விளக்கப் பார்த்தேன். “இதெல்லாம் போனிலை கதைக்கிற கதையில்லை, வா,” என்று வைத்துவிட்டார்.

இனிப் பயணம். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து குறிகட்டுவானுக்குக் காலை 6.40 பஸ். நூற்றைம்பது ரூபாய். பண்ணைப் பாலம் தாண்டினால் இரண்டு பக்கமும் கடல். வேலணை, புங்குடுதீவு வழியாக 8.05க்கு இறங்குதுறை. பஸ்ஸில் பாட்டு உச்சத்தில் போனது. நடத்துனரிடம், “அண்ணை, கொஞ்சம் குறைக்க ஏலுமோ?” என்று கேட்டேன். “பாட்டுப் பிடிக்கேல்லையோ?” என்றார். “பாட்டு நல்லம். காதுதான் ஏலாது,” என்றேன். குறைத்துவிட்டார். இத்தனை வருடம் இதைக் கேட்காமலேயே பல்லைக் கடித்துக்கொண்டு பயணம் செய்திருக்கிறேன் என்று நினைத்தபோது என்மேலேயே கோபம் வந்தது.

படகு ஒன்பது மணிக்கு. புறப்பட்டது 9.12க்கு. அந்தப் பன்னிரண்டு நிமிடத்தைப் பெருந்தன்மையாக மன்னித்தேன் என்று எழுத ஆசைதான், ஆனால் மன்னிக்கவில்லை. படகின் உட்பக்கம் நிறையச் சனம், அரிசி மூட்டை, எஞ்சின் இரைச்சல்.

“தங்கச்சி, உள்ளை இரும். வெளியிலை தண்ணி அடிக்கும்,” என்றார் படகுக்காரர்.

“உள்ளை எனக்கு ஏலாது அண்ணை. சத்தம்.”

“அப்ப ஏணிக்குப் பக்கத்திலை இரும். நனைஞ்சா என்னை ஏசக் கூடாது.”

நனைந்தேன், ஏசவில்லை. 10.20க்கு நெடுந்தீவு. அக்காவின் கணவர், என் அத்தான், ஓட்டோவோடு நின்றார். கல் அடுக்கிய வேலிகளுக்கு நடுவே பன்னிரண்டு நிமிட ஓட்டம்.

அக்கா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் கத்தியைக் கீழே வைத்தார்.

“அப்ப உன்னிலை குறை சொல்லி எழுதித் தரச் சொல்லுறாய். என்ன?”

“குறை இல்லை அக்கா. நடந்ததை.”

“நான் வளர்த்த பிள்ளையைப் பற்றி நானே அப்பிடிச் சொல்லமாட்டன். என்னாலை ஏலாது.” திரும்பவும் மீனை எடுத்துக்கொண்டார்.

பிற்பகல் 2.30க்குத் திரும்புகிற படகு. மன்றாடத் தெரியாது எனக்கு. ஆகவே தெரிந்ததைச் செய்தேன்: படிவத்தை எடுத்து முதல் கேள்வியை வாசித்தேன். “சத்தங்களுக்கு அளவுக்கு மீறிப் பயப்பட்டாரா?”

“பயமோ? இல்லையே,” என்றார் அக்கா திரும்பாமலே. “கோயில் திருவிழாவுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டினா நீ அலுமாரிக்குள்ளை போய் இருப்பாய். அவ்வளவுதான். அதுக்காண்டி அப்பா அலுமாரியின்ரை கீழ்த்தட்டைக் கழட்டினவர், நீ காலை நீட்டி இருக்கட்டும் எண்டு.”

எனக்கு அலுமாரி நினைவிருந்தது. தட்டைக் கழற்றியது அப்பா என்பது தெரியாது. எழுதினேன். அடுத்தது சாப்பாடு. “குழம்பு சோத்திலை முட்டினா சாப்பிடமாட்டாய். அதுக்கு வேறை கிண்ணம்.” விளையாட்டு? “சிப்பி அடுக்குவாய், சின்னனிலையிருந்து பெரிசுக்கு. ஒருக்கா நான் கூட்டேக்குள்ளை ஒண்டைத் தட்டிப்போட்டன், பொழுதுபடும்வரை அழுதனி. அதுக்குப் பிறகு அந்த மூலையை நான் கூட்டுறேல்லை.”

ஓட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த அத்தான் வாசலில் வந்து நின்றார். “கதிரைக் கதையையும் எழுதும்,” என்றார். “நான் முதன்முதலா இவவைப் பார்க்க வந்த நாள். இவ என்னோடை கதைச்ச முதல் கதையே, ‘அந்தக் கதிரையிலை இருக்காதேங்கோ, அது தங்கச்சியின்ரை.’ மாப்பிள்ளை நான் பாயிலை இருந்து தேத்தண்ணி குடிச்சனான்.”

அக்கா வெட்கத்தில் அவரை ஏசினார். நான் எழுதிக்கொண்டே போனேன். ஒவ்வொரு பதிலிலும் நான் செய்தது பாதி, இவர்கள் எனக்காகச் செய்தது மீதி. யாரும் அதற்கு ஒரு பெயர் வைக்கவில்லை. வீட்டை மட்டும் மாற்றி வைத்திருந்தார்கள். பத்தாம் பக்கத்தில் ஒரு கேள்வி: “நண்பர்கள் இருந்தார்களா?” அக்கா கையைக் கழுவிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“நான் இருந்தனான் எண்டு எழுது.”

அதற்கு அங்கே இடம் போதவில்லை, ஓரத்தில் எழுதினேன். பிறகு கண்ணீர் எழுத்தை மறைத்ததால் கடைசிப் பக்கத்தை அத்தான்தான் வாசித்தார். பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியல் கூழ் ஒரு கிண்ணத்திலும் மீன் இன்னொரு கிண்ணத்திலும் வந்தன, ஒன்றோடொன்று முட்டாமல். 2.30 படகு 2.30க்கே புறப்பட்டது.

இதே காரியமாகப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். காலைப் படகில் போய் பிற்பகல் படகில் வரலாம், ஆனால் காற்றுக் காலத்தில் படகு ஓடாது. முதல் நாளே விசாரியுங்கள். எஞ்சின் சத்தம் ஒத்துவராதவர்கள் ஏணிப் பக்கம் இருங்கள், மாற்றுடுப்பு கொண்டுபோங்கள். கேள்விகளை மருத்துவச் சொல்லில் கேட்காதீர்கள், “அப்ப என்ன நடந்தது?” என்று கேளுங்கள். பெற்றோர் இல்லாவிட்டால் கூடப்பிறந்தவர்கள் போதும். முக்கியமாக, இது கலியாணப் பேச்சு இல்லை என்பதை முதல் வசனத்திலேயே சொல்லிவிடுங்கள்.

மூன்று வாரம் கழித்து மருத்துவர் சொன்னார்: ஆட்டிசம்தான். மருத்துவரின் கடிதத்தை அச்சகத்தில் கொடுத்தேன். பின்பக்கத்தில் கதவு மூடக்கூடிய ஒரு சிறிய அறை கிடைத்தது. திமிர் இல்லை என்று தெரிந்ததில் வந்த நிம்மதியை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. மருத்துவர் சொன்ன அன்று மாலையே அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு,

“அப்ப இனி ஆராவது உன்னைப் பற்றி விசாரிச்சா நான் என்ன சொல்லுறது?” என்றார்.

“உண்மையைச் சொல்லுங்கோ அக்கா.”

“ஒரு கரைச்சலும் குடுக்காத பிள்ளை எண்டு சொன்னனான். அது உண்மைதானே,” என்றார் அக்கா. “சமையல் மட்டும்தான் பொய்.”