விரால் வளர்க்க விராலைக் கொன்றேன்

விரால் வளர்ப்பதற்காக ஒரு குளம் நிறைய விராலைக் கொன்றவன் நான். தெரியாத்தனமாகச் செய்ததாகவும் சொல்லிக்கொள்ள முடியாது. பயிற்சி வகுப்புக்குப் போய், சான்றிதழ் வாங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பட்டப்பகலில் செய்தேன். அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வேறு வைத்தேன்.

குடவாசல் பக்கம் எங்கள் ஊர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தவனுக்கு எதையாவது வளர்க்கலாம் என்று தோன்றியது. தலைமுடியை வளர்க்கும் காலம் தாண்டிவிட்டதால் மீனைத் தேர்ந்தெடுத்தேன். ஊர்க் குளத்தை ஒரு வருடக் குத்தகைக்கு எடுத்தேன்.

பயிற்சியில் ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். குளத்திலிருந்து ஒழிக்க வேண்டியவை என்று அதில் ஒரு பட்டியல், தலைப்பு 'களைமீன்கள்'. கெண்டை, கெளுத்தி, குரவை, அப்புறம் தானாக வந்து சேர்ந்த விரால். ஆற்றுத் தண்ணீரோடு வாய்க்கால் வாய்க்காலாக ஏறி வந்து, கோடையில் சேற்றுக்குள் கிடந்து, கொக்குக்கும் தூண்டிலுக்கும் தப்பிப் பிழைத்த மீனுக்குப் பெயர் களை. தொட்டியில் பிறந்து, பாலிதீன் பையில் ஆக்சிஜனோடு வேனில் வந்து இறங்குவதற்குப் பெயர் மீன். படித்த உடனேயே எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பேனா எடுத்து அடிக்கோடு போட்டுக்கொண்டேன்.

வைகாசியில் குளம் வற்றியிருந்த சமயம் இலுப்பைப் பிண்ணாக்கை ஊற வைத்துக் கரைத்துத் தெளித்தோம். கொஞ்ச நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. விரால்கள்தான் கடைசிவரை போராடின. முழங்கை நீளத்துக்கு ஒன்று கரையில் ஏறிப் படுத்து என்னைப் பார்த்தது. அன்று எல்லார் வீட்டிலும் மீன் குழம்பு. என்னைப் புகழாதவர் இல்லை.

பிறகு வளர்ப்பு விரால் குஞ்சுகள் வந்து இறங்கின. கொண்டுவந்த பண்ணைக்காரர் வாளியில் கையை விட்டு அள்ளிக் காட்டினார்.

"பாருங்க சார், ஒரு நூல் வித்தியாசம் இருக்கா? எல்லாம் ஒரே ஜோடியோட குஞ்சு. பெருசு சிறுசா கலந்து போட்டா ஒண்ண ஒண்ணு தின்னுடும். இதுல அந்தப் பேச்சே கிடையாது."

ஒரே அச்சில் வார்த்தது போலிருந்தன. பள்ளிக்கூட அணிவகுப்பைப் பார்க்கும் கல்வி அதிகாரி மாதிரி பூரித்துப் போனேன். ஆடியில் வாய்க்காலில் தண்ணீர் வந்தபோது, களைகள் எதுவும் உள்ளே வந்துவிடக் கூடாதென்று குளத்துக் குழாயின் வாயில் கொசுவலையைக் கட்டினேன். வலை விராலைத்தான் நிறுத்தும். நோய்க்கிருமிக்கு அதன் ஒவ்வொரு கண்ணியும் ராஜகோபுர வாசல்.

மார்கழிக் குளிரில் மீன்களின் உடம்பில் சிவப்புப் புண் கண்டது. சுண்ணாம்பு போட்டேன், உப்பு போட்டேன், மஞ்சளைக் கரைத்து ஊற்றினேன். பொங்கலுக்குள் குளம் காலி. ஒன்று போனது போலவே எல்லாம் போயின. சாவதிலும் ஒரு நூல் வித்தியாசம் இல்லை.

அதே வாரம், மீன்களின் மரபணுவை ஆராயும் ஒரு கல்லூரிப் பேராசிரியை வாய்க்காலில் வலை போட வந்தார். பிடிக்கும் மீனின் துடுப்பில் துளி நறுக்கி ஸ்பிரிட்டில் போட்டுவிட்டுத் திரும்ப விட்டுக்கொண்டிருந்தார். கொசுவலைக்கு அந்தப் பக்கம், என் குளத்துக்கு வந்த அதே தண்ணீரில், விரால்கள் இருந்தன. சில செத்து மிதந்தன. சிலவற்றுக்குப் புண். பலவற்றின் மேல் ஆறிப்போன தழும்பு.

"ஒரே ஜோடியோட குஞ்சு வாங்கி என் குளத்துல விட்டேன், அத்தனையும் போச்சு. எப்படிங்க இதெல்லாம் பிழைச்சுது?" என்றேன்.

"நோய்க்கிருமிய அடையாளம் கண்டுபிடிக்கிற மரபணு ஒவ்வொரு மீனுக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும் சார். ஒண்ணு கோட்டை விட்டா இன்னொண்ணு கண்டுபிடிச்சிடும். கண்டுபிடிச்சது பிழைச்சுக் குஞ்சு பொரிக்கும். அடுத்த தடவை கிருமி வேற வேஷத்துல வந்தா, அதுவரைக்கும் அபூர்வமா இருந்த மரபணு கை கொடுக்கும். அதனாலதான் காட்டு மீன்ல இவ்வளவு ரகம் தங்குது. உங்க குளத்துல எல்லாம் ஒரே வயித்துப் பிள்ளை. வித்தியாசம் ரொம்பக் கம்மி. கிருமி அந்த ஒரு காவல்காரனை ஏமாத்தினா போதும், மொத்தமும் போயிடும்." பிறகு, "குளத்துல முன்னாடி இருந்த பழைய விரால் இருக்குமே, அதுல கொஞ்சம் சாம்பிள் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டார்.

களையெடுத்துவிட்டதைச் சொன்னேன். அவர் கத்தரிக்கோலைத் துடைத்தார். திட்டியிருக்கலாம்.

சங்கடம் போக அவரே பேச்சை மாற்றி, சில மீன் இனங்கள் வாசனையை வைத்தே தன்னுடையதிலிருந்து வேறுபட்ட மரபணு உள்ள துணையைத் தேடிக்கொள்ளும் என்றார். நான் சொந்த மாமன் மகளைக் கட்டியவன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது. எட்டு மாதம் தாமதம். எத்தனை கொள்ளைநோய்களில் எத்தனை கோடி செத்தபின் மிஞ்சியதோ, அந்தப் பரம்பரை எங்கள் ஊர்க் குளத்தில் இலவசமாக நீந்திக்கொண்டிருந்திருக்கிறது. அதற்குக் களை என்று பெயர் வைத்து, ஒழிக்கும் முறையை அச்சடித்து, டீயும் பிஸ்கட்டும் கொடுத்துச் சொல்லித்தருகிறார்கள். அச்சில் வந்தால் நம்பிவிடுகிற என்னைப் போன்ற படித்த மடையர்கள் நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறோம்.

அடுத்த குத்தகையை மகளிர் குழு எடுத்தது. அதன் தலைவி எனக்குத் தங்கை முறை. அவரும் அதே வகுப்புக்குப் போய் அதே பிரசுரத்தோடு திரும்பியிருந்தார். கொசுவலை கிழிந்திருந்த இடம் வழியாகக் குளத்துக்குள் வாய்க்கால் விரால் கொஞ்சம் ஏறியிருந்தது. அதையும் கொன்றுவிட்டால் இனி எதை வைத்து ஆரம்பிப்பது? குளத்தங்கரையில் வாத்துகளை மேய விட்டுவிட்டுக் குழு கூடியபோது, அழைக்காமலே போய் அரைமணி நேரம் பேசினேன். மரபணு, காவல்காரன், தழும்பு எல்லாம் சொன்னேன்.

"ஏண்ணே, நீங்க பிண்ணாக்கு போட்டா விவசாயம், நாங்க போட்டா கொலையா?" என்றார் தலைவி. எல்லாரும் சிரித்தார்கள். "போங்கண்ணே, பாக்குறோம்."

வைகாசி போயிற்று. பிண்ணாக்கு வரவில்லை. ஆனியில் கொசுவலையையும் அறுத்து எறிந்திருந்தார்கள். தண்ணீர் வந்த அன்று குழாயருகே குஞ்சுகள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உத்தியோகத்தில் இருந்த வருடங்களெல்லாம் பேசியும் எழுதியும் சாதிக்காததை அரைமணி நேரத்தில் சாதித்த நிறைவு. தலைவி அந்தப் பக்கம் வந்தார்.

"நான் சொன்னதைக் கேட்டதுக்கு ரொம்ப சந்தோஷம்மா" என்றேன்.

"எதண்ணே? பிண்ணாக்கா?" என்றார். "அத நீங்க பேச வர்றதுக்கு முன்னாடியே வேணாம்னுட்டோம். அதப் போட்டா நத்தையெல்லாம் செத்துடுது, வலையக் கட்டினா புது நத்தையும் வராது. அப்புறம் எங்க வாத்து எதத் திங்கும்?"