விளக்கேற்றாத ஒரு மணி நேரம்

எங்கள் ஏரிக்கரையில் சைமாவின் பெயரை எடுத்தால் இன்றும் பேச்சு ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் தொடரும். பத்தொன்பது வருடம் என் வீட்டு மாடி அறையில் இருந்தவள். அவளைப் பற்றி நானாவது முழுதாகச் சொல்ல வேண்டும்.

முதலில் அவள் எதிர்க்கரையில், தம்பி வில்யாமியின் பண்ணையில் இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி, தம்பி மனைவி எஸ்தெரி, ஒன்பது மாடுகள். காலை ஐந்து மணிக்குத் தொழுவத்தில் தொடங்கும் நாள் அவளுக்கு.

டிசம்பரில், உலகத்தின் வடகோடியில் இருக்கும் எங்கள் பக்கம் மதியம் இரண்டரை மணிக்கே சூரியன் போய்விடும். அப்போதெல்லாம் உடனே விளக்கேற்ற மாட்டோம். மண்ணெண்ணெய் மிச்சமாகட்டும் என்று ஒரு மணி நேரம் வேலையை வைத்துவிட்டு, வீட்டில் எல்லோரும் இருட்டிலேயே சும்மா உட்கார்ந்திருப்போம். அதை ‘அந்தி காப்பது’ என்போம். பாதிப் பேர் தூங்கிவிழுவார்கள். சைமா தூங்க மாட்டாள். ஜன்னலோரப் பெஞ்சில், கைகளை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு இருப்பாள்.

“அப்படி என்னதான் இருக்கு அந்த இருட்டுல?” என்று ஒருமுறை கேட்டேன்.

“சர்ச்சுல பாதிரியார் பேசிக்கிட்டே இருக்காரு. கடவுள் வாயைத் திறக்க எடமே இல்ல. இங்க நானும் பேசல, அவரும் பேசல. ஒரே பெஞ்சுல உட்கார்ந்திருக்கோம். அவ்ளோதான்.”

வில்யாமிக்கு அந்த ஒரு மணி நேரம் நரகம். போரில், குளிர்காலக் காட்டில், செத்துப்போன கூட்டாளியின் பக்கத்தில் இரண்டு இரவும் ஒரு பகலும் கிடந்தவன் அவன். திரும்பி வந்ததிலிருந்து இருட்டு கூடினால் அவன் முழங்கால் தானாக ஆட ஆரம்பிக்கும். வாயைத் திறந்து பயம் என்று அவன் சொன்னதில்லை. ஆண்பிள்ளை, அதுவும் போருக்குப் போனவன், எப்படிச் சொல்வான்?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில் மின்சாரம் வந்தது. ஏரியின் இரண்டு கரையிலும் இணைப்புக்கு முதலில் கையெழுத்துப் போட்டவன் வில்யாமி. கூடத்தில் ஒன்று, தொழுவத்தில் ஒன்று, முற்றத்துக் கம்பத்தில் ஒன்று. மதியம் இரண்டு மணிக்கே மூன்று பல்பும் எரியும்.

“ஒரு மணி நேரம் மட்டும் கூடத்துல அணைச்சு வையேன்,” என்று சைமா கேட்டாள்.

“எதுக்கு? இருட்டுல என்னத்தைப் பார்க்கப் போற?”

“பார்க்கறதுக்கு இல்ல.”

“அப்போ கண்ணை மூடிக்கோ. விளக்கு உன்னை என்ன பண்ணுது?”

எஸ்தெரி கம்பளி மயிர்க் கூடையை அவள் மடியில் வைத்தாள். “வெளிச்சம்தான் இருக்கே. கையும் இருக்கு. சிக்கெடு.”

மறுநாளிலிருந்து சைமா அந்த நேரத்துக்கு ஏரிக்கரையிலிருந்த சௌனா என்னும் நீராவிக் குளியல் அறைக்குப் போய்விடுவாள். சனிக்கிழமை தவிர அங்கே நெருப்பு இருக்காது. ஆட்டுத்தோலைப் போர்த்திக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருப்பாள். வீட்டில் அது பெரிய கேலியாகப் போயிற்று.

ஜனவரியில் ஒருநாள் பால்வண்டி ஓட்டுநர் வந்திருந்தபோது, வில்யாமி டார்ச்சை எடுத்துக்கொண்டு அவனையும் கூட்டிப் போய் சௌனா கதவைத் திறந்து, வெளிச்சத்தை நேராக அவள் முகத்தில் அடித்தான்.

“என்ன சைமா, கடவுள் வந்தாரா, இல்ல கரண்ட்டுக்குப் பயந்து காட்டுக்கு ஓடிட்டாரா?”

ஓட்டுநர் சிரித்தான். வில்யாமி அவள் கையைப் பிடித்து முற்றம் வரை இழுத்து வந்தான்.

அடுத்த நாள் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்றுக்குப் போய்விட்டது. தொழுவத்துக் குழாய் உறைந்துவிட்டதால், ஏரிப் பனியில் வெட்டியிருந்த துளையிலிருந்து மாடுகளுக்குத் தண்ணீர் கொண்டுவர வில்யாமி கைச்சறுக்கு வண்டியோடு இறங்கினான். முற்றத்துப் பல்பின் வெளிச்சம் அவ்வளவு தூரம் எட்டாது. துளையின் விளிம்பு உடைந்து இடுப்பு வரை தண்ணீரில் போய்விட்டான். எப்படியோ மேலே ஏறினான். ஆனால் இடுப்பெலும்பு முறிந்திருந்தது. பனிமேல் படுத்தபடி கூப்பிட்டான். வீடு தூரம். சைமா உட்கார்ந்திருந்த சௌனா முப்பது அடி.

“சைமா!”

நேற்று மாதிரி கேலிதான் என்று சைமா நினைத்தாள். மறுபடி கூப்பிட்டான். மூன்றாம் முறை குரல் வேறு மாதிரி இருந்தது. அவள் அசையவில்லை. பிறகு சத்தம் நின்றுவிட்டது.

மாடு கறந்து முடித்து எஸ்தெரி தேடிக்கொண்டு வந்தபோது அவன் கால்சட்டை பலகையாக உறைந்து கிடந்தது. நகரத்து ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் உயிரோடு இருந்தான். எஸ்தெரியிடம் ஒன்றுதான் சொன்னான். “நான் கூப்பிட்டேன். அவ உள்ளதான் இருந்தா.”

அடக்கம் முடிந்து எல்லோரும் அவர்கள் கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தோம். பல்பு எரிந்துகொண்டிருந்தது. சைமா பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நானும்தான். பாதிரியார் நல்ல மனிதர், சமாதானம் செய்யப் பார்த்தார்.

“காத்துல சரியாக் கேட்டிருக்காது. உங்க மேல தப்பு இல்லம்மா.”

“அன்னைக்குக் காத்தே இல்ல,” என்றாள் சைமா. “நல்லாக் கேட்டுச்சு.”

எஸ்தெரி கோப்பையைக் கீழே வைத்தாள். “கேட்டுட்டு என்ன பண்ணின?”

“கேலி பண்ண வந்திருக்கான்னு நினைச்சேன். மூணாவது தடவை, அது கேலி இல்லைன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. எழுந்திரிக்கல.”

“ஏன்?”

சைமா பொய் சொல்லியிருக்கலாம். மரத்துப்போய்விட்டேன், மயங்கிவிட்டேன் என்று எதையாவது. நாங்கள் அத்தனை பேரும் நம்பத் தயாராக இருந்தோம்.

“அவன் கூப்பிடறதை நிறுத்தினதும் அப்படி ஒரு அமைதி வந்துச்சு, எஸ்தெரி. என் ஆயுசுல அது மாதிரி வந்ததே இல்ல. அதை விட்டுட்டு எழுந்திரிக்க மனசு வரல. சந்தோஷமா இருந்தேன்.”

எஸ்தெரி எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். குளிர் புகையாக உள்ளே வந்தது. சைமா சால்வையை எடுத்துக்கொண்டு பனிமேல் நடந்து எங்கள் கரைக்கு வந்தாள். என் வீட்டுக்காரர்தான் மனமிரங்கி, “மாடு கறக்க ஆள் வேணும், இருந்துட்டுப் போகட்டும்” என்றார்.

எங்கள் தொழுவத்திலும் அவள் குளிர்காலத்தில் அந்த ஒரு மணி நேரம் உட்கார்ந்தாள். விளக்கை அணைத்துவிடுவாள். ஆனால் கதவை அகலத் திறந்து வைப்பாள். மாடுகளுக்கு ஆகாது என்று என் வீட்டுக்காரர் கத்தினார். அதற்குப் பிறகு வெளியே, சுவரோரம் ஒரு மரக்கட்டையில்.

“அந்த அமைதி மறுபடி வந்துச்சா?” என்று ஒரு வருடம் கேட்டேன்.

“இல்ல.”

“அப்புறம் எதுக்கு இந்தக் குளிர்ல?”

“அன்னைக்கு வந்தது யாருன்னு தெரிஞ்சுக்கணும்,” என்றாள். “கடவுள்னுதான் இவ்ளோ நாள் நினைச்சேன். தம்பி கத்தும்போது உட்காரச் சொல்றவரு கடவுளா? அப்போ அது நான்தானா? என் பெஞ்சுல நான் மட்டும்தான் உட்கார்ந்திருந்தேனா?”

ரொட்டி மாவு புளித்துப் பொங்குகிறது என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

கடைசி வாரம் படுக்கையில் கிடந்தபோது, “யாரோ கூப்பிடறாங்க, போய்ப் பாரு” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இரண்டு தடவை பூட்ஸ் மாட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஏரியில் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் போகவில்லை. “பார்த்துட்டேன், யாரும் இல்ல” என்று அடுப்படியிலிருந்தே சொன்னேன்.

மார்ச் முதல் வாரத்தில் செத்துப்போனாள். சொல்லியனுப்பினோம். எஸ்தெரி ஏரிமேல் தனியாக நடந்து வந்தாள். அவளும் கிழவியாகியிருந்தாள். முகத்துத் துணியை விலக்கி வெகுநேரம் பார்த்தாள்.

“நல்லாத் தூங்கற மாதிரி இருக்கா,” என்றாள். அந்தக் குரலில் இரக்கம் இல்லை.

“காபி கலக்கறேன், உட்காரு எஸ்தெரி.”

“வேணாம்.”

எங்கள் ஊரில் சாவு வீட்டுக் காபியை யாரும் மறுக்க மாட்டார்கள். அவள் கையுறையை மாட்டிக்கொண்டு, வந்த தடத்திலேயே திரும்பி நடந்தாள்.